வள்ளத்தைக் கேட்டோம், கரைகள் இல்லையென்றன

என் பெறாமகள், கூடப்பிறந்தவளின் மகள் ஒருத்தி, வெளிநாட்டில் கொம்பியூட்டர் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறாள். போன ஆடி மாதம் வந்து கொஞ்ச நாள் என்னோடு நின்றாள். அப்படி என்ன வேலையடி என்று கேட்டேன். சனங்கள் தேடுகிறதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற மெசினுக்குச் சொல் பழக்குகிற வேலை என்றாள். ஒருவர் காய்ச்சல் என்று கேட்பார், இன்னொருவர் சுரம் என்பார். இரண்டும் ஒன்றென்று மெசினுக்குத் தெரியாதாம், இவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு, கிடைத்த மறுமொழிகளில் எதை முன்னுக்கு விடுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று ஓயாமல் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டுமாம். இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கினவர்கள் ஒரு கட்டிடம் நிறைய இருக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடியே, உது நான் ஊர்காவற்றுறையில் செய்த வேலையல்லவோ என்றேன். அவள் நம்பவில்லை. கிழவி அளக்கிறாள் என்று நினைத்திருப்பாள். நேரம் கிடைத்தால் எழுதி அனுப்புங்கோ அன்ரி என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மரியாதைக்குச் சொன்னாளோ மனதாரச் சொன்னாளோ, நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், புளியங்கூடல். அறுபதுகளில் ஊர்காவற்றுறை ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேற்றராகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் கொஞ்ச மாதம் வைத்துப் பழக்கினார்கள். காதில் கருவியை மாட்டு, கயிற்றைச் செருகு, "நம்பர் பிளீஸ்" என்று கேள், இவ்வளவுதான். தீவுப்பகுதிக்கு வந்த முதல் நாளே "நம்பர் பிளீஸ்" செத்துப் போயிற்று. இங்கே யாருக்கு நம்பர் தெரியும்? நம்பர் கேட்டால், "நம்பர் தெரிஞ்சால் உன்னை ஏன் பிள்ளை கேட்கிறன்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்தக் காலத்து ரெலிபோனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டிலோ கடையிலோ இருக்கிறவர் பெட்டியின் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றுவார். எங்கள் பலகையில் அவருக்கென்றுள்ள சின்னத் தகடு டக்கென்று விழும். நான் கயிற்றைச் செருகி என்ன வேண்டும் என்று கேட்பேன். அவர் சொல்கிற ஆளின் துளையில் மற்றக் கயிற்றைச் செருகி மணியடித்து விடுவேன். கேட்கிறவருக்கும் கிடைக்கிறவருக்கும் நடுவில் நான் ஒருத்திதான்.

ஆனால் அவர் சொல்கிறது யாரை? இறங்குதுறைக்கு ஒருவர் பாலம் என்பார், ஒருவர் ஜெற்றி என்பார், நயினாதீவுக்குப் போகிற சனம் லோஞ்சடி என்னும். சுங்கக் கந்தோரைக் கிழவர்கள் ஆயம் என்றார்கள், இளந்தாரிகள் கஸ்ரம்ஸ் என்றார்கள். கடைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று கை மாறிய கடைக்கும் முதல் முதலாளியின் பெயர்தான் பெயர். அவர் செத்து எரித்துச் சாம்பலும் கரைத்தாயிற்று, சனம் இன்னும் அவரோடு கதைக்க வேண்டும் என்று கைப்பிடியைச் சுற்றும். கொழும்பில் அச்சடித்த புத்தகத்தில் இந்தப் பெயர் ஒன்றும் இராது.

நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் மேற்பார்வையாளராக மாற்றலாகி வந்தவர் ஞானப்பூ மிஸ். யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண். என்னைவிட வயது குறைவு. எனக்கு மேலே ஒரு சின்னப் பெட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் ஒரு கிழமை புறுபுறுத்தேன். வெள்ளைச் சீலை, வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு, சாயாமல் நிமிர்ந்து இருக்கிற இருப்பு. முதல் மாதம் முழுக்க, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, இரண்டாவது கருவியைக் காதில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் அழைப்புகளைக் கேட்டார். எனக்கென்றால் முதுகில் யாரோ கை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த மாதம் முடிய ஒரு தச்சரைக் கூப்பிட்டு, இணைப்புப் பலகைக்கு மேலே ஒரு மரச்சட்டம் அடிப்பித்தார். அதில் வரிசை வரிசையாக அட்டை செருகலாம். ஒவ்வொரு அட்டையின் தலையிலும் சனம் சொல்கிற ஒரு சொல். அதன் கீழே, அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கே கொடுப்பது, அது சரிவராவிட்டால் அடுத்தது எங்கே, அதற்கடுத்தது எங்கே. அச்சடித்த பெயருக்கு அதில் இடமே கொடுக்கவில்லை. ஆயம் என்று ஒரு அட்டை, கஸ்ரம்ஸ் என்று ஒரு அட்டை, இரண்டும் ஒரே துளைக்கு.

ஒருநாள் ஒருவர் என்னவோ ஒரு பெயரைச் சொல்லிக் கேட்க, அப்படி ஒன்று இங்கே இல்லை என்று நான் வெட்டிவிட்டேன். மிஸ் கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னார்: "மனோன்மணி அக்கா, கேட்டவர் பிழையாக் கேட்கேல்லை. எங்களுக்குத்தான் அந்தச் சொல் இன்னும் வந்து சேரேல்லை." அவரிடம் இருந்த கண்டிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைப் பிடித்து அட்டையில் ஏற்றும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் கெட்டித்தனம் காட்ட வெளிக்கிட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடையும் கடைதானே, இரண்டு அட்டை எதற்கு, ஒன்றாக்கி விடுவோம் என்றேன். மிஸ் ஒருமாதிரிச் சிரித்துவிட்டு, செய்து பாருங்கோ என்றார். செய்தேன். அடுத்த நாள் தொடக்கம் கடை என்று கேட்டவர்கள் எல்லாரும் சங்கக்கடையில் போய் விழுந்தார்கள். மாலையாக முகாமையாளரே எடுத்தார். மனுசன் சரியான சூடு. "என்ன விளையாட்டு இது? ஒருத்தர் என்னட்டைத் தாலிக்கொடி செய்யக் குடுத்தது முடிஞ்சுதோ எண்டு கேட்கிறார்!" என்றார். நகைக்கடைக்காரரைத் தேடினவர் அவரிடம் போயிருக்கிறார். மிஸ் கராம்பை ஒரு பக்கக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார், சங்கக்கடையைத் தேடுகிறவனைக் கடைக்கு விட்டால் அரிசியாவது வாங்குவான், கடையைத் தேடுகிறவனை எல்லாம் சங்கக்கடைக்கு விட ஏலாது, சில சொல்லுக்கு ஒரு பக்கம்தான் வழி என்று. என் பெறாமகளும் இதே பிழையை அங்கே யாரோ விட்டதாகச் சொன்னாள். அவர்கள் இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தாலிக்கொடிப் பிழை என்றோம்.

எந்த மறுமொழி முன்னுக்கு வர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் அதிசயமாக இருக்கிறது. யார் கேட்கிறார், எங்கிருந்து கேட்கிறார் என்று முதலில் பார்ப்பார். சுவாமி வேண்டும் என்று கரையூர் வேதக்காரர் கேட்டால் கோவில் பங்குத்தந்தை. நயினாதீவில் இருந்து கேட்டால் அம்மன் கோவில் ஐயர். அது எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அவர் கதை நடக்கிற நேரத்தையும் பார்த்தார். இரண்டு சொல்லில் கதை முடிந்து, தகடு உடனே திரும்ப விழுந்தால், நாங்கள் கொடுத்த இடம் பிழை. ஆற அமர இருந்து கதைத்தால் சரி. யாரும் வாயைத் திறந்து முறைப்பாடு சொல்லத் தேவையில்லை. பிழையாகப் போனவற்றைச் சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து அலசி, அட்டையில் மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றுவோம்.

இன்னொன்றும் செய்தார். சட்டத்தின் அடி வரிசையை, வருடத்தில் ஒருமுறை கேட்கிற சொற்களுக்கென்று ஒதுக்கினார். விசகடிக்குப் பார்க்கிறவர், முறிவுக்குக் கட்டுகிறவர், அவசரத்துக்கு எஞ்சின் போட் வைத்திருக்கிறவர், இப்படி. மற்ற வரிசைகளில் தூசி படிந்தாலும் அடி வரிசையைத் தானே துடைப்பார். மிஸ், இதை எவன் கேட்கிறான் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அடிக்கடி கேட்கிறது தன்ரை பாட்டிலை வரும் அக்கா. எப்பவாவது ஒருக்காக் கேட்கிறதுக்குத்தான் நாங்கள் இருக்கிறம்," என்றார்.

அந்த அடி வரிசையில் ஒரு அட்டை இருந்தது. தலையில் "வள்ளம் காணேல்லை" என்று எழுதியிருக்கும். கடலுக்குப் போன வள்ளம் வரவில்லை என்று யாராவது எடுத்தால் எந்தக் கரையை முதலில் கேட்பது? பட்டினத்தில் பிறந்த அந்தப் பெட்டை துறையடியில் போய் நின்று கடற்றொழிலாளரிடம் கேட்டுக் கேட்டு அதைப் பிடித்திருந்தார். சோளகம் வீசினால் ஒரு அடுக்கு, கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு இன்னொன்று. காற்று மாறினால் கரைகளின் வரிசையும் மாறும். காலமை வேலைக்கு வந்ததும் யன்னலால் தலையை நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு அந்த அட்டையைத் திருப்பிச் செருகுவார். கடற்காற்றைக் கேட்டு நடக்கிற ஒரு ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்குமோ எனக்குத் தெரியாது.

இனி, நான் சொல்ல வந்த கதை. கடலுக்குப் போன இரண்டு பேரில் ஒருவர்தான் திரும்பி வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நாளை நான் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

வாடை தொடங்கி இரண்டு நாளாகப் பேய்க்காற்று. மத்தியானம் கழிய அனலைதீவுத் தகடு விழுந்தது. அங்கே தபாற்கந்தோரில் மட்டுந்தான் ரெலிபோன். தபாலதிபர் பேசினார். ஒன்றுவிட்ட சகோதரர் இரண்டு பேர், ஒரே வள்ளத்தில் முதல்நாள் போனவர்கள், இன்னும் வரவில்லை. அவர்களின் மனைவிமார் இரண்டு பேரும் கந்தோரில் வந்து நிற்கிறார்கள், எங்காவது கேட்டுப் பார்க்க ஏலுமோ என்றார். மூத்தவரின் மனைவி றோசம்மா, இளையவரின் மனைவி திரேசா. றோசம்மா வாங்கிப் பேசினார். வள்ளத்தின் நீளம், பூசியிருந்த நிறம், பாயில் போட்டிருந்த ஒட்டு எல்லாம் குரல் நடுங்காமல் சொன்னார். மனுசனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வாடைக்குரிய அடுக்கின்படி நான் எடுக்கத் தொடங்கினேன். நயினாதீவு. குறிகட்டுவான். நெடுந்தீவுத் தபாற்கந்தோர், பிறகு அங்கே துறையில் இருந்த மீன்பிடிச் சங்கம். நெடுந்தீவுக்குக் கம்பி இல்லை, றேடியோ அலைதான், குரல் காற்றில் போய்வரும், இரைச்சல் காதைப் பிய்க்கும். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "வள்ளம் ஏதும் கரைக்கு ஒதுங்கிச்சோ?" எல்லாரும் ஒரே மறுமொழிதான் சொன்னார்கள். இல்லை.

இங்கே ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கரைகளில் கடலுக்குப் போனவன் வராவிட்டால் வள்ளத்தைத்தான் விசாரிப்பார்கள். ஆளை விசாரிப்பதில்லை. ஆள் ஒதுங்கிச்சோ என்று கேட்டால் பிணம் ஒதுங்கிச்சோ என்று கேட்டதாக அர்த்தம். உயிரோடு இருக்கிறவனை வாயாலே கொன்றதாகிவிடும். பெண்சாதிமார் காதில் அந்தச் சொல் விழவே கூடாது. எனக்கும் அது தெரியும், எடுத்த ஒவ்வொரு கரையிலும் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆகவே நான் வள்ளத்தைக் கேட்டேன், அவர்கள் வள்ளத்துக்கு மறுமொழி சொன்னார்கள்.

மிஸ் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கரைகள் முடிந்தன. நான் கருவியைக் கழற்றப் போனேன். அவர் என் தோளில் கை வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை.

"அக்கா, சொல்லை மாத்துவம்," என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. ஏலாது மிஸ் என்றேன். அந்தப் பெண்கள் அங்கே காத்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் எந்த வாயால் கேட்பேன் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. கருவியைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டு அனலைதீவைக் கூப்பிட்டு, றோசம்மாவைக் கேட்டார். வள்ளம் ஒரு கரையிலும் இல்லை அம்மா, இனி ஆள் என்று கேட்கப் போகிறோம், உங்களைக் கேட்காமல் கேட்க மனம் வரவில்லை என்றார். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார்.  மறுபக்கத்தில் றோசம்மா சொன்னார்: "கேளுங்கோ."

சொல் மாறியதும் மிஸ் அட்டையைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய இடமே மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வள்ளத்தைக் கரையில் தேடலாம், ஆளை முதலில் ஆசுப்பத்திரியில் அல்லவோ தேட வேண்டும்? அவ்வளவு நேரமும் எங்கள் வரிசையில் ஒரு ஆசுப்பத்திரியும் இருக்கவில்லை. வள்ளம் காணவில்லை என்று ஆசுப்பத்திரியை எவன் கேட்பான்? நெடுந்தீவு ஆசுப்பத்திரியை எடுங்கோ என்றார். எடுத்தேன். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி வந்தார். அந்தச் சொல்லை என் நாக்கிலிருந்து பிடுங்கித்தான் வெளியே போட வேண்டியிருந்தது.

"ஓம்," என்றார் அவர். "காலமை வடக்குக் கரையிலை ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வந்தவை. பலகைத் துண்டு ஒண்டைப் பிடிச்சபடி கிடந்திருக்கிறார். உயிர் இருக்கு, நினைவு இல்லை. எங்களை ஒருதரும் கேட்கேல்லையே பிள்ளை."

 காலமை தொடக்கம் அந்த மனுசன் அங்கே படுத்திருக்கிறான். நான் அதே தீவை இரண்டு முறை எடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல் அவனிடம் போகவில்லை, அவ்வளவுதான். மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

ஆனால் ஒருவர்தான் கிடந்தார். எவர்?

அப்போதிக்கரியிடம் அங்க அடையாளம் கேட்டோம். முகம் உப்பிலும் வெயிலிலும் வீங்கிப் போயிருக்கிறது என்றார். மீசை இருக்கிறதாம், சகோதரர் இருவருக்கும் மீசை. கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம் இருக்கிறதாம், இருவரும் போடுவது. ஒரே இரத்தம், ஒரே உயரம், கயிறு அறுத்த தழும்பு இருவர் கையிலும் உண்டு. தபாலதிபர் சொல்லச் சொல்ல அனலைதீவில் இரண்டு பெண்களும் ஓம் ஓம் என்று சொல்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே அடையாளத்துக்கு இருவரும் ஓம் சொன்னார்கள்.

மிஸ் அப்போதிக்கரியிடம், கட்டிலை ரெலிபோனடிக்கு இழுத்துக்கொண்டு வந்து அவர் காதில் கருவியை வைக்க ஏலுமோ என்று கேட்டார். அவர் செய்தார். நான் அனலைதீவையும் நெடுந்தீவையும் இணைத்தேன். எல்லாரும் கேட்கக்கூடியதாகப் பலகையிலுள்ள சாவியைத் திறந்து வைத்தேன்.

மூத்தவர் என்றபடியால் றோசம்மா முதலில் வாங்கினார். எங்கள் பெண்கள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரில் உள்ள எல்லாப் பெண்சாதிமாருக்கும் புருசனைக் கூப்பிட ஒரே சொல்தான்.

"இஞ்சாருங்கோ," என்றார் றோசம்மா. இரைச்சல் மட்டும் வந்தது. இன்னொரு முறை சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு முறை. அப்போதிக்கரி மெல்லிய குரலில், அசைவில்லை என்றார். றோசம்மா கருவியைத் திரேசாவிடம் கொடுத்தார். கை மாறுகிற சத்தம் கேட்டது. திரேசா அழுதுகொண்டு அதே சொல்லைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ."

கண்ணைத் திறந்திட்டார் என்று அப்போதிக்கரி கத்தினார்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் சட்டத்தில் அட்டை கிடையாது. எழுதியிருந்தால் தீவுப்பகுதியில் உள்ள ஆண்கள் அத்தனை பேரின் பெயரையும் அதன் கீழே எழுத வேண்டியிருக்கும். அதே சொல், அதே இரைச்சல், இடையில் எங்கள் ஒரே கயிறு. முதல் தரம் அது யாருக்கும் போகவில்லை. இரண்டாம் தரம் நேரே போய் ஒருவனைத் தொட்டு எழுப்பியது. எத்தனையோ வருடம் இணைத்துக் கொடுத்தவள் நான், அன்றைக்கு நடந்த இணைப்பு எப்படி நடந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெறாமகளிடம் கேட்டால் ஏதும் சொல்வாளோ என்னவோ. அந்த நேரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மிஸ்ஸின் கண்ணாலும் தண்ணீர் ஓடிற்று.

திரேசா என்னென்னவோ சொன்னாள். அவன் முனகினான். நாங்கள் அவர்களை விட்டுவிட்டோம். கதைத்து முடித்து அவள் வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது கருவி திரும்பக் கை மாறியது. மூச்சை வைத்தே றோசம்மா என்று தெரிந்துகொண்டேன். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சொல் தேடினேன்.  அவர்தான் முதலில் பேசினார்.

"அடுத்த கரைக்கு எடும் பிள்ளை," என்றார். "ஆள் எண்டே கேளும்."